காலி அறையில் இருந்த புள்ளிகள்

நிலத்தின் அடியில் பல அடுக்குகள் உள்ளன. மேலே செம்மண், அதன் கீழே சுக்கான் கல், அதற்கும் கீழே கரும்பாறை. அப்பாறையில் எங்கேனும் வெடிப்பு இருந்தால்தான் அங்கே நீர் இருக்கும். இவ்வுண்மையை நான் பள்ளியில் கற்கவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் பணியில் பல்லாண்டுகள் இருந்து அறிந்துகொண்டேன். பள்ளிப்பாடம் அதற்குப் பின்னரே எனக்கு வாய்த்தது. கம்ப்ரசரின் இரைச்சலால் என் இடது காது கேட்கும் திறனை இழந்தபோது, முதலாளி செங்கோட்டையன் என்னை வண்டியிலிருந்து இறக்கி அலுவலகத்தில் அமர்த்தினார். அலுவலகத்தில் அமர்பவன் பத்தாம் வகுப்பாவது தேறியிருத்தல் முறை என்று கருதி, நாற்பத்தோராம் வயதில் தனித்தேர்வராக எழுதித் தேறினேன். அதன் பின்னர், சேலம் சூரமங்கலத்தில் அஜீஸா டீச்சர் நடத்திவந்த கணிப்பொறிப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். என்னுடன் பயின்றவர்களுள் பெரும்பாலோருக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது.

எங்கள் நிறுவனத்திற்குக் கணிப்பொறி வாங்கவேண்டும் என்று உறுதியாக நின்றவர் முதலாளியின் மனைவி வசந்தாமணி அம்மாள். "ஊரு பூராப் பாறையத் தொளைக்கிறீங்க, எங்க எத்தன அடில தண்ணி கண்டீங்கன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க" என்று கணவரை இடித்துரைத்து, அவரே சேலம் சென்று விலை பேசி முடித்தார். இயந்திரம் வந்து இறங்கியது. அதற்கெனக் குளிர்சாதனம் பொருத்திய தனி அறை கட்டப்பட்டது. அவ்வறைக்குள் முதலாளியும் செருப்பைக் கழற்றிவிட்டே நுழைவார்.

கணிப்பொறியின் உட்பகுதியை அமைக்கும் முறையை இங்கு விளக்குவது இன்றியமையாதது. கரிய திரையில் ஒரு சிறு கோடு மினுக்கிக்கொண்டிருக்கும். அவ்விடத்தில் எம்.டி. என்று தட்டி ஒரு பெயரைக் கொடுத்தால், அப்பெயரில் ஓர் அறை உண்டாகும். அதற்கு டைரக்டரி என்று பெயர். சி.டி. என்று தட்டினால் அதனுள் நுழையலாம். டி.ஐ.ஆர். என்று தட்டினால் உள்ளே இருப்பவற்றின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். அவ்வறைக்குள் இன்னொரு அறை, அதற்குள் மற்றொன்று என்று எவ்வளவு ஆழத்திற்கும் இறங்கிச் செல்லலாம். ஆர்.டி. என்பது அறையை இடிக்கும் கட்டளை. ஆயினும் உள்ளே ஒரேயொரு கோப்பு இருந்தாலும் இயந்திரம் இடிக்க மறுத்துவிடும். நாம் எந்த அறையில் நின்றுகொண்டிருக்கிறோமோ அந்த அறையை இடிக்கவும் அது இசைவதில்லை. ஓர் இரும்புப் பெட்டிக்கு இத்துணை நற்பண்பு எங்கிருந்து வந்தது என்று நான் பன்முறை வியந்ததுண்டு. செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை, கொத்தனார் இல்லை. சொல்லைத் தட்டினால் அறை எழுகிறது.

அப்பெட்டிக்குள் நான் போர்க்கிணறுகளுக்காக ஒரு பெரிய டைரக்டரி அமைத்தேன். அதனுள் மோகனூர், ராசிபுரம், சங்ககிரி, எடப்பாடி எனப் பகுதிக்கு ஒரு டைரக்டரி. ஒவ்வொரு பகுதியிலும் தோட்டக்காரர் பெயரால் கோப்புகள். எத்தனை அடியில் பாறை தட்டியது, எத்தனை அடியில் ஈரம் கண்டது, எத்தனை இஞ்சு கனத்தில் தண்ணீர் பாய்ந்தது, அல்லது வெறும் புகைதானா என்பன அனைத்தும் அக்கோப்புகளில் இருந்தன. தண்ணீர் இல்லாத குழியிலிருந்து பாறைத்தூள் மட்டுமே எழும்பும். அதனை எங்கள் பக்கத்தில் புகை என்பார்கள். வண்டிகளில் எழுதிவந்த தாள்களைப் பார்த்துப் பார்த்து இரண்டு ஆண்டுகள் உழைத்து அனைத்தையும் உள்ளே ஏற்றினேன். ஆயிரத்திற்கும் மேற்பட்ட கிணறுகள் உள்ளே சென்ற பின்னும் அப்பெட்டியின் எடை ஒரு குன்றிமணி அளவும் கூடவில்லை.

1988ஆம் ஆண்டு ஆயுத பூசை வந்தது. அந்நாளில் எங்கள் ஊரில் ஸ்பேனர் முதல் ரிக் வண்டி வரை எந்தக் கருவியும் அழுக்குடன் இருத்தல் கூடாது. வண்டிகளைக் கழுவினோம், கிரீஸ் துடைத்தோம், பட்டறைச் சுவர்களுக்கு வெள்ளையடித்தோம். சாக்கு மூட்டைகளில் கிடந்த பழைய தாள்களைப் பார்த்த வசந்தாமணி அம்மாள், "எல்லாந்தான் பொட்டிக்குள்ள ஏறிப்போச்சே, இதெதுக்குங்க, எலி ஊடு கட்டறதுக்கா?" என்று கேட்டார். அதில் யாருக்கும் மறுப்பில்லை. பூசைக்கு முந்தின நாள் அத்தாள்கள் பின்புறத்தில் எரிந்து சாம்பலாயின.

பூசையன்று காலையில் பாவாயி என்னும் விவசாயப் பெண்மணி மோகனூர்ப் பகுதியிலிருந்து பேருந்து பிடித்து வந்து சேர்ந்தார். கணவரை இழந்தவர். தென்னந்தோப்பு ஒன்றைத் தனியே காத்துவருபவர். அவருடைய தோட்டத்தில் எங்கள் வண்டியே முன்பு இரண்டு முறை தோண்டியிருக்கிறது. இரண்டும் புகை. அவ்வாண்டு மழை பொய்த்து, தென்னைகள் குரும்பையை உதிர்க்கத் தொடங்கியிருந்தன. மறுநாள் விசயதசமி. புதுப் பூசையிட்ட வண்டி முதன்முதலில் தம் தோட்டத்திற்கே வரவேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்.

"வண்டிய அனுப்பறதுல ஒண்ணுமில்லீங்க அக்கா" என்றார் முதலாளி. "மறுக்காவும் பொகை வந்தா உங்க வகுத்தெரிச்சல் என்னைய விடாது. சுத்துவட்டாரத் தோட்டத்துல என்ன கண்டோம்னு பாத்துப்போட்டு, அது நல்லாருந்தாத்தான் வண்டி பொறப்படும். இல்லீன்னா இல்லதானுங்க."

"அப்ப உங்க பொட்டி சொன்னாத்தான் எந்தோட்டத்துக்கு வண்டி வருமாக்கும்?" என்று பாவாயி கேட்டார். "சரி, சொல்லச் சொல்லு சாமி. வாயில்லாத சீவன், பொய் சொல்லாதுன்னு நம்பறேன். இந்தக் கோடைக்குத் தண்ணியில்லீன்னா மரம் அத்தனையும் மொட்டையாப் போயிரும்."

அவருடைய தோட்டத்தைச் சுற்றியிருந்த கிணறுகள், நான் வண்டியை விட்டு இறங்கிய பின்னர்த் தோண்டப்பட்டவை. அவற்றின் ஆழம் எதுவும் என் நினைவில் இல்லை. தோண்டிய ஆட்களும் வடநாட்டு வேலைக்குச் சென்றிருந்தனர். தோட்டக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கு ஓர் ஆழம் சொல்வார்கள். ஆகவே நான் கணிப்பொறி அறைக்குச் சென்றேன். அங்கே வசந்தாமணி அம்மாள் குளித்து, ஈரத் தலையில் துண்டு கட்டியவாறு, விசைப்பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் என்னிடமிருந்து கட்டளைகள் சிலவற்றைக் கற்றிருந்தார்.

நான் அமர்ந்து மோகனூர் டைரக்டரிக்குள் நுழைந்தேன். டி.ஐ.ஆர். என்று தட்டினேன். பெயர்கள் திரையை நிறைத்து ஓடவேண்டிய இடத்தில் மூன்றே வரிகள் தோன்றி நின்றன. ஒற்றைப் புள்ளி. இரட்டைப் புள்ளி. புதிய கிணறுகளுக்காக ஒவ்வொரு பகுதியிலும் நான் அமைத்து வைத்திருந்த 'புதுசு' என்னும் வெற்று டைரக்டரி. வேறொன்றும் இல்லை. ராசிபுரத்திற்குள் சென்றேன். அவ்வாறே இருந்தது. சங்ககிரியும் அவ்வாறே.

"அம்மிணி, உள்ள ஒரு பேரையுங் காணமுங்க" என்றேன்.

"காணமா? சரக்கு இருக்கற ரூமுல நானு கையே வெக்கலீங்கண்ணா. காலி ரூமத்தான் கூட்டுனேன்."

"கூட்டுனீங்களா? எப்படிங்க?"

"வெளிய தொடச்சாச்சு, உள்ளயும் ஒருக்காச் சுத்தம் பண்ணிப்போடலாமுன்னு பாத்தேன். இந்தப் புதுசுங்கற ரூமுக்குள்ள போயி டி.ஐ.ஆர். போட்டா, காலி ரூமுல ஒண்ணும் இருக்கப்படாதுங்களா? ஒத்தப் புள்ளி ஒண்ணு, ரெட்டப் புள்ளி ஒண்ணு நிக்குது. ஈ எச்சமாட்டம். பூசையும் அதுவுமா புது ரூமுல இதென்ன அழுக்குன்னு, அழிக்கறதுக்கு டெல் போட்டு அந்தப் புள்ளிகளத் தட்டுனேன். நெசமாலுமான்னு இங்கிலீசுல கேட்டுது. ஆமான்னேன்."

"ஒத்தப் புள்ளிக்குங்களா, ரெட்டப் புள்ளிக்குங்களா?"

"ரெண்டுக்குந்தான். எத்தன தேச்சாலும் போகமாட்டீங்குது. எல்லாப் பகுதியிலயும் தேச்சுப் பாத்துட்டேன்."

இங்கு அப்புள்ளிகளின் பொருளைக் கூறவேண்டும். ஒரு டைரக்டரி உண்டாகும் கணத்திலேயே அதனுள் இரண்டு குறிகள் தாமாகத் தோன்றுகின்றன. ஒற்றைப் புள்ளி, அந்த அறையையே குறிப்பது. இரட்டைப் புள்ளி, அதனைப் பெற்ற மேலறையைக் குறிப்பது. வெற்றறையும் தன்னையும் தன்னைப் பெற்றதையும் அறிந்தே பிறக்கிறது. ஆகவே இரட்டைப் புள்ளியை அழி என்று கட்டளையிட்டால், இயந்திரம் அப்புள்ளியை அழிக்காது. மேலறையிலுள்ள கோப்புகள் அனைத்தையும் அழித்துவிடும். வசந்தாமணி அம்மாள் நின்ற அறையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அவர் தலைக்கு மேலே இருந்த அறைதான் ஒழிந்துபோயிற்று.

இதனை நான் விளக்கியபோது அவர் தலையிலிருந்த துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதனை அவர் எடுக்கவில்லை. "தாளையுமல்ல எரிச்சுப்போட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

என் மேசையில் பழைய ஃப்ளாப்பிகள் சில இருந்தன. முந்திய ஆண்டில் எடுத்த படிகள். அவற்றில் மோகனூர் இல்லை. எடப்பாடியும் ராசிபுரத்தில் கொஞ்சமும் இருந்தன. கிடைப்பதையாவது உடனே உள்ளே ஏற்றிவிடலாம் என்று ஒரு ஃப்ளாப்பியை உறையிலிருந்து உருவினேன். அந்நேரத்தில் முதலாளி சந்தனக் கிண்ணத்துடன் உள்ளே வந்தார்.

"சுப்பையண்ணா, நல்ல நேரம் முடியப் போகுது. நிறுத்துங்க அத."

"மொதலாளி, ஒரு பத்து நிமிசமுங்க. இது ரொம்ப முக்கியம்."

"லேத்து நின்னாச்சு, கம்ப்ரசர் நின்னாச்சு, வண்டி அத்தனையும் நின்னாச்சு. இது மட்டும் என்ன கலெக்டராக்கும்?" என்று கூறியவர், சுவரிலிருந்த மெயின் சுவிட்சைத் தாமே இறக்கினார். திரை இருண்டது. இருண்ட திரையின் நெற்றியில் சந்தனமிட்டு, அதன் நடுவே குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையைச் சார்த்தினார்.

நடந்ததை நான் அவரிடம் கூறினேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். சினந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, கெடக்குது உடு. படையல் ஆறிப்போகும், வா" என்றார்.

பூசணிக்காய் உடைத்து, பொரி வழங்கி முடிந்ததும் நான் மீண்டும் கேட்டேன். ஃப்ளாப்பியில் இருப்பதையாவது ஏற்றிவிடுகிறேன் என்று மன்றாடினேன்.

"படைச்சாச்சுங்கண்ணா. படைச்ச ஆயுதத்த மறுநாக் காலைலதான் எடுக்கோணும். எங்கப்பன் உளிக்கும் அதுதான், உங்க பொட்டிக்கும் அதுதான்."

"அது போயிருச்சுன்னா மொதலாளி?"

"போனது இனி இன்னிக்கு ராத்திரிக்குள்ள எங்க போகப்போகுது?"

தொலைபேசி நிலையத்திலிருந்து சூரமங்கலத்திற்கு டிரங்க் கால் பதிவு செய்து அஜீஸா டீச்சரிடம் செய்தியைக் கூறினேன். நான் சொன்னது சரிதானா என்று இரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். "விடிஞ்சதும் முதல் பஸ்ல வர்றேன். ஒண்ணையும் தொடாதீங்க" என்றார். பாவாயி ஊருக்குத் திரும்பவில்லை. திருச்செங்கோட்டிலிருந்த தம் தங்கை வீட்டில் தங்கினார். "நாளைக்கு வண்டி பொறப்படுதா இல்லையான்னு எங்கண்ணால பாத்துட்டுத்தான் ஊடு போவேன்" என்பது அவர் சொல்.

மறுநாள் காலை டீச்சர் தோளில் ஒரு துணிப்பையுடன் வந்து இறங்கினார். அறை வாயிலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்ட முதற்கேள்வி என்னைத் திகைக்க வைத்தது.

"சுப்பையன் சார், அழிஞ்சதுக்கு அப்புறம் இதுக்குள்ள யாராச்சும் ஏதாவது எழுதினீங்களா? ஒரு எழுத்தாவது?"

"இல்லீங்க டீச்சர். நானு பழைய ஃப்ளாப்பிய ஏத்தப் பாத்தேன். மொதலாளி உடலீங்க. பூச போட்டதத் தொடப்படாதுன்னு மெயின அமத்திப்போட்டாரு."

அவர் மாலை அணிந்த இயந்திரத்தையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எல்லாம் உள்ளேயே இருக்கு. நீங்க ஏத்தியிருந்தா அது மேலேயே போய் உக்காந்திருக்கும். சந்தனம் வச்சீங்க பாருங்க, அதுதான் காப்பாத்துச்சு" என்றார்.

"கேட்டுக்கிட்டீங்களா சுப்பையண்ணா?" என்றார் முதலாளி. அவர் மீசைக்குள் சிரிப்பு ஒளிந்திருந்தது.

டீச்சர் மாலையைக் கழற்றிப் பக்குவமாக ஓரத்தில் வைத்தார். தாம் கொண்டுவந்த ஃப்ளாப்பியாலேயே இயந்திரத்தை எழுப்பினார். அதன்பின் அவர் விளக்கியதை இதற்கு முன் எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை. கோப்பை அழி என்று நாம் கூறும்போது இயந்திரம் கோப்பை அழிப்பதில்லை. அதன் பெயரில் முதல் எழுத்தை மட்டும் நீக்கிவிட்டு, இவ்விடம் காலி என்று குறித்துக்கொள்கிறது. கோப்பின் உடல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். வேறொருவர் வந்து அவ்விடத்தில் குடியேறும் வரை அதற்கு ஊறு இல்லை. முதல் எழுத்தைத் திருப்பித் தந்தால் அது எழுந்து வரும்.

அதனைக் கேட்டு நான் நாற்காலியைத் திரையின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

திரையில் மோகனூர் டைரக்டரி விரிந்தது. தலையில்லாத பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கேள்விக்குறி. டீச்சர் விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினார். "பேரெல்லாம் நீங்க வச்சதுதானே? நீங்களே கொடுங்க."

நான் கொடுத்தேன். என் விரல் ஒரு எழுத்தைத் தொடும். கேள்விக்குறி மறையும். முழுப்பெயர் தோன்றும். இரண்டாவது பெயர். மூன்றாவது பெயர். வசந்தாமணி அம்மாள் என் பின்னால் நின்று, பெயர் முழுமை பெறும்போதெல்லாம் அதனை உரக்கப் படித்தார். "ராசம்மா தோட்டம். வந்துருச்சு. பெரியசாமி மேட்டுக்காடு. வந்துருச்சு." அவர் குரல் முதலில் நடுங்கியது. பிறகு, சந்தையிலிருந்து திரும்பும் மாடுகளை எண்ணி உள்ளே விடுபவரின் குரல் போல உறுதி பெற்றது. ஒரு பெயருக்கு முதல் எழுத்து எனக்கு நினைவில்லை. ஏதேனும் ஒன்றைக் கொடுங்கள் என்றார் டீச்சர். கொடுத்தேன். பெயர் தவறாகவே எழுந்தது. உள்ளே இருந்தது ஒரு சொல்லும் பிசகவில்லை.

அனைத்தும் வந்துவிட்டன என்று கூற இயலாது. துண்டு துண்டாகச் சிதறியிருந்த சில கோப்புகளில் முதற்பகுதி மட்டுமே கிடைத்தது. சங்ககிரியில் சில பெயர்கள் எழவேயில்லை. "அது போனதுதான் சார்" என்றார் டீச்சர். ஆனால் மோகனூர் முழுமையாக இருந்தது.

பாவாயி செருப்பை வெளியே விட்டு, முந்தானையைப் போர்த்தியபடி வந்து கதவோரம் நின்றார். நான் அவருடைய இரண்டு கிணறுகளின் கோப்புகளையும், சுற்றுத் தோட்டங்களின் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திரைக்குக் கொண்டுவந்து படித்தேன். அவருடைய முதல் குழியில் இருநூறு அடியிலேயே, பாறையை இடித்துத் துளைக்கும் ஹேமர் சிக்கி வேலை நின்றிருந்தது. இரண்டாவது, இருநூற்று எண்பதில் கைவிடப்பட்டது. கிழக்கே ராசம்மாள் தோட்டத்தில் முந்நூற்று நாற்பதில் ஈரம் கண்டிருந்தது. தெற்கே பெரியசாமியின் மேட்டுக்காட்டில் முந்நூற்று ஐம்பதில் இரண்டு இஞ்சுத் தண்ணீர். மேற்கிலும் ஏறத்தாழ அதே ஆழம். அதற்கு மேலே எங்கும் எவருக்கும் ஒரு சொட்டும் கிடைக்கவில்லை.

மூன்று தோட்டங்களில் மூன்று வண்டிகள் வெவ்வேறு ஆண்டுகளில் கண்ட உண்மை, ஒரே டைரக்டரிக்குள் பக்கம் பக்கமாக நின்று ஒன்றையே கூறியது. பாறைக்கு அடியில் ஒரு வெடிப்பு, அவ்வளவு தோட்டங்களையும் கடந்து, யார் வேலிக்கும் கட்டுப்படாமல் நீண்டு கிடக்கிறது. அதன்மேல் நடந்து திரிந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

"புதுசாக் குழி போடவே வேண்டாமுங்க அக்கா" என்றார் முதலாளி மெல்ல. "உங்க ரெண்டாவது குழியவே இன்னும் ஒரு எழுவது, எம்பது அடி எறக்கிப் பாப்போம்."

"அந்தப் பொகைக் குழியவா? பொழுதன்னிக்கும் அதத் தாண்டித்தான சாமி மாட்டப் புடிச்சுக் கட்டறேன்!"

"அதத்தானுங்க."

பாவாயி திரையைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆயினும் நெடுநேரம் பார்த்தார். பின்பு, "பொறப்படச் சொல்லு" என்றார்.

வாழைக்கன்று கட்டிய வண்டி முற்பகலிலேயே புறப்பட்டது. அதில் நானும் ஏறிக்கொண்டேன். பிற்பகல் வெயிலில், தென்னைகளுக்கு நடுவே, கைவிட்ட குழிக்குள் இருபதடி நீள ராடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. இருநூற்று எண்பதைத் தொட்டதும் ஹேமர் மீண்டும் பாறையைக் கடித்தது. வெண்புழுதி எழுந்து ஓலைகளில் படிந்தது. முந்நூறு. முந்நூற்று இருபது. வெறும் புகை. பாவாயி களத்து மேட்டில் அமர்ந்திருந்தார். முந்நூற்று நாற்பதிலும் புகைதான். டிரில்லர் என்னைத் திரும்பிப் பார்த்தான். இன்னும் ஒரு ராடு என்று விரலைக் காட்டினேன்.

அந்த ராடு பாதி இறங்கியபோது புழுதி நின்றது. குழியின் வாய் கரிய சேற்றைத் துப்பியது. பாவாயி எழுந்து வந்து, கம்ப்ரசர் இரைந்துகொண்டிருக்கையிலேயே குனிந்து, அச்சேற்றை உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்த்தார். ஏதோ கூறினார். அவர் நின்றது என் இடப்புறம், எனக்குக் கேட்கவில்லை. நான் வலக்காதைத் திருப்புவதற்குள் தண்ணீர் தென்னை உயரத்திற்குப் பீறிட்டு எழுந்து எங்கள் எல்லோர் மீதும் பொழிந்தது.